மலைமண் பாதைக்கு எந்த வண்டி? நான்கு வண்டிகளோடு ஜவ்வாது மலையில் மூன்று நாள்

கேள்வி இதுதான். அம்பத்தூரில் வேலை பார்ப்பவர், வயது முப்பத்திரண்டு, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். இதுவரை ஓட்டியது 150 சிசி வண்டி. மாதம் ஒரு முறை சென்னையை விட்டுக் கிளம்பி, ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி போன்ற மலைகளின் மண்பாதைகளில் இரண்டு நாள் சுற்றிவர ஆசைப்படுகிறார். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்சர், ஹீரோ எக்ஸ்பல்ஸ் ஆகிய மூன்றில் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எக்ஸ்பல்ஸ். புதிதாக வாங்குவதென்றால் 2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210. கைமாறிய வண்டி என்றால், நன்றாகப் பராமரித்த எக்ஸ்பல்ஸ் 200 4வி. பெரும்பாலான பயணங்களில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போவீர்கள் என்றால் மட்டும் என் பதில் ஹிமாலயன் 450 என்று மாறும்.

இந்த முடிவு விவரத்தாளைப் படித்து வந்ததன்று. விவரத்தாளை மட்டும் பார்த்திருந்தால் நானே வேறு பதிலைச் சொல்லியிருப்பேன். சென்ற ஆவணியில் நாங்கள் நான்கு பேர், நான்கு வண்டிகளில், ஜவ்வாது மலையில் மூன்று நாள் சுற்றினோம். என்னிடம் இருப்பது பழைய ஹிமாலயன் 411. என் மைத்துனரிடம் ஹிமாலயன் 450. அவருடைய அண்ணன் மகனிடம் புதிய 390 அட்வென்சர். அலுவலக நண்பர் ஒருவர் எக்ஸ்பல்ஸ் 200 4வி கொண்டுவந்தார். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை சாவியை மாற்றிக்கொள்வது என்று கிளம்பும்போதே பேசிவைத்துக்கொண்டோம். ஆகவே ஒரே பாதையை, ஒரே ஈரத்தில், நான்கு வண்டிகளிலும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆற்காடு வரை, அங்கிருந்து ஆரணி, போளூர், பிறகு மலையேறி ஜமுனாமரத்தூர். ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். சென்னைக்காரர்களின் தொல்லையே இதுதான். மண்ணைத் தொடுவதற்கு முன்பு இவ்வளவு தாரை விழுங்கியாக வேண்டும். அதனால்தான் பலரும் "நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் போகிற வண்டி வேண்டும்" என்று தொடங்கி, பெரிய வண்டியில் போய் முடிகிறார்கள்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம். ஆற்காடு வரை நல்ல நான்கு வழிச் சாலை ஏறக்குறைய 115 கிலோமீட்டர். எக்ஸ்பல்ஸ் 200-இல் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரிய வண்டியில் 95-இல் போனால் ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மிச்சமாவது இருபது நிமிடம். ஆற்காட்டுக்குப் பிறகு இருவழிச் சாலை. குறுக்கே மாடு வரும், நெல் காயும், பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். அங்கே எல்லா வண்டியும் ஒரே வேகம்தான். அந்த இருபது நிமிடத்துக்காக நாற்பது கிலோ கூடுதல் எடையை மூன்று நாளும் மலையில் சுமப்பதா என்பதே கேள்வி.

பெரிய வண்டிக்கு நியாயமும் செய்ய வேண்டும். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஓடுகின்றன. அவற்றை முந்தும்போது ஹிமாலயன் 450-இன் 40 குதிரைத்திறன் எவ்வளவு ஆறுதல் தருகிறது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். கேடிஎம்மின் 46 குதிரைத்திறன் இன்னும் ஒரு படி மேலே. கைப்பிடியை முறுக்கிய மாத்திரத்தில் லாரி பின்னால் போய்விடுகிறது. எக்ஸ்பல்ஸ் 200-க்கு இருப்பது 19 குதிரைத்திறன். லாரியை முந்த இடம் பார்த்து, கியரைக் குறைத்து, முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். 85-ஐத் தாண்டினால் கைப்பிடி அதிர்கிறது, எதிர்காற்று உடலைத் தள்ளுகிறது. இதற்கு நாங்கள் கண்ட வழி, விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவது. வெயில் ஏறும் முன் ஆரணியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். எக்ஸ்பல்ஸ் 210-இல் 24.6 குதிரைத்திறனும் ஆறு கியரும் திரவக் குளிரூட்டலும் இருப்பதால் இந்தக் குறை பாதியளவு தீர்ந்துவிடுகிறது. புதிதாக வாங்குவோருக்கு 210-ஐ நான் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இனி மண்ணுக்கு வருகிறேன். இரண்டாம் நாள் காலை. முந்தைய இரவு நல்ல மழை. ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே ஒரு சிற்றூருக்குப் போகும் பாதையில், சுமார் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு செம்மண் ஏற்றம். டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. நடுவே ஒரு முழ அகலத்துக்கு மேடு, அதன் மேல் வழுக்கும் சேறு. ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஓரத்தில் குடையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைத்துனர் ஹிமாலயன் 450-இல் முதலில் ஏறினார். பாதி வரை அழகாகப் போனார். அங்கே முன் சக்கரம் மேட்டிலிருந்து வழுக்கித் தடத்துக்குள் இறங்கியது, வண்டி சாய்ந்தது. அடியேதும் படவில்லை. ஆனால் 196 கிலோ எடையும் நிறைந்த பெட்ரோல் டேங்கும் பையும் சேர்ந்து சரிவில் தலைகீழாகக் கிடக்கும்போது, அதை நிமிர்த்த மூன்று பேர் தேவைப்பட்டோம். நிமிர்த்திய பிறகு, காலூன்ற இடமில்லாத அந்தச் சேற்றில் பின்னுக்கு இறக்கி, மறுபடி ஏற்ற முக்கால் மணி நேரம் போனது. மைத்துனருக்கு மூச்சு வாங்கியதில் அன்று மதியம் வரை அவர் சரியாகப் பேசவில்லை.

கேடிஎம்மை அண்ணன் மகன் நின்றுகொண்டே ஓட்டி, ஒரே மூச்சில் ஏற்றிவிட்டான். அவன் நல்ல ஓட்டுநர். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பயிற்சி எடுத்தவன். அதே வண்டியை நான் திருப்பிக் கொண்டுபோய் ஏறிப் பார்த்தபோதுதான் அவன் திறமை எவ்வளவு மறைத்தது என்று புரிந்தது. அந்த எஞ்சினின் உயிர் மேல் சுழற்சியில் இருக்கிறது. 39 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம், முழுதாக வருவது எஞ்சின் நிமிடத்துக்கு 6500 முறை சுழலும்போதுதான். நடக்கிற வேகத்தில் ஏறும்போது கிளட்சைப் பிடித்தும் விட்டும் பிழைக்க வேண்டியிருக்கிறது. வேகமாகப் போகத் தெரிந்தவருக்கு அது ஏறும், தயங்குகிறவருக்குத் தயங்கும்.

எக்ஸ்பல்ஸில் நண்பர் ஏறினார். இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும், நாங்கள் கீழேயிருந்து ஓடிப் போய்ச் சேருவதற்குள் தானே நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்து, கியர் போட்டுவிட்டார். மொத்தமும் ஐந்து நிமிடம். வண்டியின் எடை 158 கிலோ. எனக்குத் தெரிந்த எல்லா ஒப்பீட்டையும்விட இந்தக் காட்சி அதிகம் சொல்லியது. மண்பாதையில் எல்லோரும் விழுகிறோம். விழுந்த பிறகு உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதில்தான் பயணம் அடங்கியிருக்கிறது.

குடையோடு நின்றிருந்த பெரியவர் என்னருகே வந்தார். "தம்பி, என் மகன் இதே பாதையில் எக்ஸ்எல்லில் இரண்டு மூட்டை சாமை ஏற்றிக்கொண்டு தினமும் இறங்குகிறான்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. எங்களுக்கு வழிகாட்டும் அக்கறையோடு சொன்னார். டிவிஎஸ் எக்ஸ்எல் 100 தொண்ணூறு கிலோவுக்கும் குறைவு. தமிழ்நாட்டு மலைகள் எல்லாவற்றிலும் சாமையும் புளியும் பலாவும் அதன் மேல்தான் இறங்குகின்றன. அதன் சக்கரம் சிறியது, சஸ்பென்ஷன் என்று சொல்லப் பெரிதாக எதுவுமில்லை. ஆனால் மாட்டிக்கொண்டால் இறங்கித் தூக்கி வைத்துவிட்டுப் போகலாம். மலைக்காரர்கள் வேறு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்தார்கள், எடைக்குறைவை விட்டுக்கொடுக்கவில்லை.

என் ஹிமாலயன் 411 அந்த ஏற்றத்தில் விழாமல் ஏறியது. பெருமைக்காகச் சொல்லவில்லை, காரணம் சொல்லத்தான். 2016-இல் வந்த அந்த எஞ்சினுக்கு 24 குதிரைத்திறன்தான். ஆனால் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 4000 சுழற்சியை ஒட்டியே வந்துவிடுகிறது. முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டுவிட்டு, மாட்டு வண்டி போல ஊர்ந்து ஏறலாம். இருக்கையும் 800 மில்லிமீட்டர் உயரமே என்பதால் இரண்டு பக்கமும் காலைத் துழாவிக்கொண்டே போனேன். ஆனால் அதன் எடை 199 கிலோ. வலப்பக்கம் சாய்ந்திருந்தால் மைத்துனரின் கதைதான் எனக்கும். 2023 இறுதியில் 450 வந்ததோடு இதன் தயாரிப்பு நின்றுவிட்டது.

வடசென்னையில் வளர்ந்தவன் என்பதால் ராயல் என்ஃபீல்டு மேல் எனக்கு இருக்கும் பிடிப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1956-இல் திருவொற்றியூரில் திறந்த ஆலை அது. ராணுவத்துக்குப் பல புல்லட்டுகள் அங்கிருந்து போயின. ஹிமாலயன் 450 அந்த நிறுவனத்தின் முதல் திரவக் குளிரூட்டல் எஞ்சினோடு வந்தபோது நம் ஊர்ப் பிள்ளை பரீட்சையில் தேறியது போல மகிழ்ந்தேன். இன்றும் சொல்கிறேன், லடாக் வரை போய்த் திரும்ப, பின்னால் ஆளும் பையும் ஏற்ற, நாள் முழுக்க உட்கார்ந்திருக்க, இந்த விலைக்கு அதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியவில்லை. முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அசையும் சஸ்பென்ஷன் உடைந்த தார்ச்சாலையை அப்படியே விழுங்கிவிடுகிறது. மூன்றாம் நாள் காவலூர் வழியாக ஆலங்காயம் இறங்கிய பாதையில் நால்வரும் சண்டை போட்டது அந்தச் சாவிக்காகத்தான். ஆனால் கேட்டவர் கேட்டது மண்பாதையில் தனியாகச் சுற்றுவதற்கு.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். டூயல் ஸ்போர்ட் என்ற பெயரிலும் அட்வென்சர் என்ற பெயரிலும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு விற்கிறார்கள். டூயல் ஸ்போர்ட் என்பது மண்ணுக்குப் பிறந்து, தாரில் போக விளக்கும் நம்பர் பலகையும் பெற்ற வண்டி. ஒல்லியாக, உயரமாக, எடை குறைந்து இருக்கும். எக்ஸ்பல்ஸும் கவாசாகி கேஎல்எக்ஸ் 230-உம் அந்தக் குலம். அட்வென்சர் என்பது நெடும்பயணத்துக்குப் பிறந்து, மண்ணிலும் இறங்கத் தெரிந்த வண்டி. ஹிமாலயனும் 390-உம் அந்தப் பக்கம். சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 250 அதற்கும் அந்தப் பக்கம்: அருமையான எஞ்சின், சென்னை நெரிசலில் தங்கமான வண்டி, ஆனால் வார்ப்பு அலாய் சக்கரமும் 205 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் சரளைச் சாலையோடு நின்றுகொள்ளச் சொல்கின்றன.

கேஎல்எக்ஸ் 230-ஐப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 139 கிலோ! மண்ணில் அது ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். ஆனால் உங்கள் உயரத்துக்கு 880 மில்லிமீட்டர் இருக்கை கடினம். பெட்ரோல் டேங்க் 7.6 லிட்டர்தான், சென்னையில் நிரப்பிக் கிளம்பினால் போளூரில் மறுபடி நிரப்பிக்கொள்ளாமல் மலையேறக் கூடாது. வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் மலையடிவாரத்தில் இறக்குகிறவர்களுக்கு அது சரியான தேர்வு. எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோவையும் அதே காரணத்துக்காகத் தவிருங்கள்: 891 மில்லிமீட்டர் இருக்கை.

உயரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்தடி ஐந்து அங்குலக்காரர்கள் கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு மனம் தளர்ந்து திரும்புகிறார்கள். நானும் அதே உயரம்தான். எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் இருக்கை 825 மில்லிமீட்டர், ஹிமாலயன் 450-உம் 825, புதிய 390 அட்வென்சர் 830. மூன்றும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் காலுக்கு மூன்றும் ஒன்றாகத் தெரிவதில்லை. எக்ஸ்பல்ஸின் இருக்கை ஒல்லி. தொடை விரியாமல் நேராக இறங்குவதால் பாதம் கூடுதலாகத் தரையைத் தொடுகிறது. இரண்டு காலையும் ஊன்ற வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். நிற்கும் இடத்துக்குப் பத்தடி முன்பே, எந்தப் பக்கம் நிலம் மேடாக இருக்கிறது என்று பார்த்து, இடுப்பை அந்தப் பக்கம் நகர்த்தி, ஒரு காலை முழுதாக ஊன்றுங்கள். மறுகால் பின் பிரேக்கில் இருக்கட்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும். சரிவில் பள்ளமான பக்கம் காலைத் தேடினால்தான் வண்டி விழுகிறது.

முன் சக்கரம் 21 அங்குலம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓடைக் கற்களின் மேல் போகும்போது, பெரிய வட்டம் கல்லை ஏறிக் கடக்கிறது. சிறிய வட்டம் கல்லில் முட்டி நிற்கிறது. புதிய 390 அட்வென்சரில் 21 அங்குல ஆரக்கம்பிச் சக்கரம் இருக்கிறது; ஆனால் அதே குடும்பத்தில் விலை குறைந்த 390 அட்வென்சர் எக்ஸில் 19 அங்குல அலாய்தான். பெயரில் ஓரெழுத்துதான் வேறுபாடு, கடையில் ஏமாந்துவிடாதீர்கள். எக்ஸ்பல்ஸில் முன்னே 21, பின்னே 18. அந்தப் பதினெட்டு அங்குலம் பின்சக்கரத்துக்கு நல்ல மண் டயர்கள் எளிதாக வாய்க்கும் அளவு.

காற்றழுத்தத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் மூன்று நாளில் வண்டிகளுக்கிடையே இருந்த வேறுபாட்டைவிட, காற்றைக் குறைத்த வண்டிக்கும் குறைக்காத வண்டிக்கும் இருந்த வேறுபாடு பெரிது. மண்பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி, காற்றைச் சதுர அங்குலத்துக்கு 20 முதல் 22 பவுண்டு என்ற அளவுக்குக் குறைத்துவிடுங்கள். டயர் தரையை உள்ளங்கை போலப் பிடித்துக்கொள்ளும். கூர்கற்கள் மிகுந்த பாதையானால் அவ்வளவு குறைக்காதீர்கள். சக்கர விளிம்பு கல்லில் மோதி டியூபைக் கடித்துவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பும்போது மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். சைக்கிளுக்கு அடிக்கும் கைப்பம்பு போதும். பேட்டரி பம்பு இருந்தால் இன்னும் நல்லது.

பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்ட பிறகே மலைக்குப் போங்கள். டியூப் உள்ள சக்கரத்தைக் கழற்றி, இரண்டு நெம்புகோலில் டயரை விலக்கி, டியூபை மாற்றி மறுபடி போடுவதை வீட்டு வாசலில் மூன்று முறை செய்து பாருங்கள். முதல் முறை இரண்டு மணி நேரம் ஆகும். மூன்றாம் முறை நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு உபரி டியூப் எடுத்துப் போக முடியுமென்றால் முன்சக்கர டியூபை எடுங்கள். அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் அதைத் திணித்து ஊர் வந்து சேரலாம். ஹிமாலயன் 450-இல் டியூப் இல்லாத ஆரக்கம்பிச் சக்கரம் கிடைக்கிறது. கூடுதல் பணம் கொடுத்து அதை வாங்குவது நல்ல முடிவு. மாலையில் தங்குமிடத்தில் ஒரு ஸ்பானரால் ஆரக்கம்பிகளை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. மண் இறக்கத்தில் பின்சக்கர ஏபிஎஸ் இயங்கினால் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது போலத் தோன்றி வயிற்றைக் கலக்கும். ஹிமாலயன் 450-இலும் 390-இலும் பின்பக்கத்தை மட்டும் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் என்பதால் பின்பக்கம் எப்போதும் உங்கள் கால் சொல்வதைக் கேட்கும். மண்ணில் அது வரம். மழைநாளில் அண்ணா சாலையில் அது ஆபத்து. பின் பிரேக்கை மென்மையாக மிதிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்குப் பாடம் வீட்டு வாசலிலேயே கிடைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை வண்டிகள் வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்யப்பட்டதால் கெட்டன என்று ஒவ்வொரு மெக்கானிக்கும் சொல்வார். ஓடை கடக்கும்போதும் அதே விதிதான். வண்டி நீரில் விழுந்து அணைந்துவிட்டால், ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொடவே கூடாது. காற்று வழியாக உள்ளே போன தண்ணீர் சிலிண்டரில் நிற்கும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலேறும்போது இணைப்புத் தண்டு வளைந்துவிடும். கரைக்குத் தள்ளி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றவிட்டுத் தண்ணீரை வெளியேற்றி, காற்று வடிகட்டியை உலர்த்திய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். எக்ஸ்பல்ஸ் 200-இல் பிளக் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. பெரிய வண்டிகளில் அதை அடைய நிறையக் கழற்ற வேண்டியிருக்கும். கடப்பதற்கு முன் ஓடையில் இறங்கி நடந்து பாருங்கள். உங்களால் நடந்து கடக்க முடியாத இடத்தில் வண்டியும் கடக்காது.

பணக்கணக்கும் எக்ஸ்பல்ஸ் பக்கமே சாய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 40 சதவீதம். ஹிமாலயன் 450-உம் 390-உம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. மிச்சமாகும் பணத்தில் முழங்கால் கவசம், கணுக்காலை மறைக்கும் பூட்ஸ், எஞ்சினுக்கு அடியில் உலோகத் தகடு, கைப்பிடிக் காப்பு, நல்ல மண் டயர்கள் எல்லாம் வாங்கிவிடலாம். பூட்ஸை முதலில் வாங்குங்கள். 158 கிலோவும் கணுக்கால் மேல் விழுந்தால் கனம்தான். அதே காரணத்துக்காக இரும்புப் பெட்டிகளை வண்டியின் இரண்டு பக்கமும் மாட்டாதீர்கள். விழும்போது கால் பெட்டிக்கடியில் சிக்கும். துணிப் பைகள் போதும்.

எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். ஜவ்வாது மலையில் ஊருக்கும் ஊருக்கும் இடையே போகும் மண்பாதைகள் ஏராளம். அவை போதும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பங்குனி, சித்திரையில் மலைக்கே போகாதீர்கள். புல் காய்ந்து கிடக்கும். சூடான சைலன்சர் அதன் மேல் நின்றால் போதும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை மறக்க முடியாது. ஊருக்குள் போகும்போது எஞ்சின் சத்தத்தைக் குறையுங்கள், களத்தில் தானியம் காய்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். காவலூர்ப் பக்கம் இரவில் போக நேர்ந்தால் கூடுதல் விளக்குகளை அணைத்துவிடுங்கள். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது; இருட்டுதான் அதற்குச் சோறு.

கடைசியாக, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. கடையில் இதற்கு அனுமதிக்க மாட்டார்கள். நண்பர்களின் வண்டியில் செய்யுங்கள். மூன்று வண்டிகளையும் ஒரு புல்தரைக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாக மெல்லப் படுக்கவையுங்கள். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் வையுங்கள். கைப்பிடியை ஒரு பக்கமாக முழுதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் இடுப்பைச் சார்த்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் பின் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் பின்னோக்கித் தள்ளி நடந்தபடியே தூக்குங்கள். யாரும் உதவக் கூடாது. ஒரு முறை எந்த வண்டியையும் தூக்கிவிடலாம். அடுத்தடுத்து ஐந்து முறை தூக்கிப் பாருங்கள். ஐந்தாவது முறையும் தனியாகத் தூக்க முடிகிற வண்டிக்கு முன்பணம் கட்டுங்கள்.